பாடுபவர் மாறினால் காதல் பாட்டு என்ன ஆகும்?

விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. 1992-இல் வந்த 'தி பாடிகார்ட்' படத்துக்காகப் பாடியது. 'உன்னை என்றும் நேசிப்பேன்' என்று குரல் உச்சத்துக்குப் போகும்போது அது வாழ்நாள் முழுமைக்குமான உறுதிமொழி போலவே இருக்கும். அதனால்தான் கல்யாணங்களில்கூட அதை ஒலிக்கவிடுகிறார்கள். ஆனால் முதல் வரியை மட்டும் கவனித்துக் கேளுங்கள். நான் இங்கேயே இருந்தால் உன் வழியில் குறுக்கே நிற்பவளாகிவிடுவேன், அதனால் போகிறேன் என்றுதான் பாட்டு ஆரம்பிக்கிறது. அது விடைபெறும் பாட்டு.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், அது காதலர்கள் பிரியும் பாட்டுகூட இல்லை. அதை எழுதியவர் டாலி பார்ட்டன் என்ற அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி. 1967-இலிருந்து போர்ட்டர் வேகனர் என்ற மூத்த பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரோடு சேர்ந்து பாடிவந்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த மேடை அது. ஒரு கட்டத்தில் தனியாகப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார். வேகனருக்கு அதில் விருப்பமில்லை. பேசப் போனாலே சண்டையில் முடிந்தது. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை 1973-இல் ஒரு பாட்டாக எழுதிக்கொண்டு போய், அவர் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டினார். வேகனர் அழுதுவிட்டார் என்றும், இந்தப் பாட்டை நான்தான் தயாரிப்பேன் என்ற ஒரே நிபந்தனையோடு தன்னைப் போகவிட்டார் என்றும் பார்ட்டன் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். 1974-இல் இசைத்தட்டு வந்தது.

கூட வேலை பார்த்த ஒருவரிடம் நன்றியும் வருத்தமுமாகச் சொன்ன விடை, பதினெட்டு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் குரலில் உலகம் அறிந்த காதல் பாட்டாகிவிட்டது. வரிகள் அதேதான். மெட்டும் அதேதான். அப்படியானால் மாறியது எது?

கவர் என்பது எது, எது இல்லை

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் வாத்தியங்களோடு புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் அது கவர் வெர்ஷன். சுருக்கமாக, கவர். பழைய பதிவையே எடுத்து வெட்டி ஒட்டி, பீட் சேர்த்து வெளியிட்டால் அது ரீமிக்ஸ். பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து வேறொரு பாட்டுக்குள் பொருத்தினால் அது சாம்பிள். நம் சினிமாவில் பழைய பாட்டைப் புதிதாகப் பாடிச் சேர்ப்பதையும் ரீமிக்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சரியாகச் சொன்னால் அவற்றில் பல கவர்தான்.

கவருக்கு வெளியே நிற்கும் ஓர் உதாரணம் சொன்னால் எல்லை இன்னும் தெளிவாகும். 'தொட்டால் பூ மலரும்' என்று வாலி எழுதிய பாட்டு, 1964-இல் 'படகோட்டி'யில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. நாற்பது ஆண்டுகள் கழித்து 'நியூ' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் அதே வரிகளுக்கு வேறு மெட்டுப் போட்டார். முதலாவதில் துள்ளல் அதிகம், இரண்டாவதில் நெருக்கம் அதிகம். மெட்டே மாறியபின் உணர்வு மாறுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. டப்பிங் படப் பாட்டில் மெட்டு அப்படியே இருக்கும், சொற்கள் மாறும். அங்கேயும் பொருள் மாறியதற்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. கவரில் பெரும்பாலும் இரண்டுமே மாறுவதில்லை. அப்படியிருந்தும் பொருள் மாறுவதுதான் எனக்குத் தீராத வியப்பு.

அமெரிக்கச் சட்டம் இதைத் தன் பாணியில் ஒப்புக்கொள்கிறது. ஒரு பாட்டு முறையாக வெளிவந்துவிட்டால், உரிய ராயல்டியைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பாடிப் பதிவு செய்யலாம். எழுதியவரிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டியதில்லை. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. பாடுபவர் தன் பாணிக்கு ஏற்ப வாத்தியங்களையும் நடையையும் அமைத்துக்கொள்ளலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் குணத்தையும் மாற்றக் கூடாது என்று இன்றைய சட்டம் சொல்கிறது. மெட்டைச் சட்டத்தால் காவல் காக்க முடியும். பொருளுக்கு யார் காவல் இருப்பது?

யார் சொன்னது, யாருக்குச் சொன்னது

சங்க அகப்பாடல்களைப் பள்ளிப் பாடத்திலாவது படித்திருப்போம். ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது, செவிலி நற்றாய்க்குச் சொன்னது. இதைக் கூற்று என்பார்கள். படிக்கும் வயதில் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோயிருப்போம். உண்மையில் பாட்டின் பாதி அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. 'அவர் வந்துவிடுவார்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைவி சொன்னால் அது நம்பிக்கை. தோழி சொன்னால் ஆறுதல். ஊர் வாயை அடைக்கச் சொன்னால் அது பிடிவாதம். வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, சொன்னவரும் கேட்டவரும்தான் மாறியிருக்கிறார்கள்.

காதல் பாட்டில் பொருள் வரிகளுக்குள் மட்டும் இல்லை. அதை யார், யாரிடம், வாழ்க்கையின் எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது. கவர் பாடுபவர் அந்தக் கூற்றை மாற்றுகிறார். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லா உதாரணங்களும் ஒரே நூலில் கோத்தவை என்பது தெரியும்.

காதல் பாட்டுகளுக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், அவை பெரும்பாலும் 'நான்', 'நீ' என்ற இரண்டே சொற்களின் மேல் நிற்கின்றன. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அந்த 'நான்' ஒரு காலி நாற்காலி. யார் வந்து உட்கார்ந்தாலும் அது அவருடையதாகிவிடும்.

ஒரு பெண் எடுத்துக்கொண்ட பாட்டு

இந்த விஷயத்தில் ஒரே ஒரு உதாரணம்தான் சொல்லலாம் என்றால் நான் 'ரெஸ்பெக்ட்' பாட்டைத்தான் எடுப்பேன். ஓட்டிஸ் ரெடிங் என்ற அமெரிக்கப் பாடகர் எழுதி 1965-இல் பாடினார். அதில் பேசுபவர் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஓர் ஆண். உனக்கு வேண்டியதெல்லாம் தருகிறேன், சம்பாதிப்பதையெல்லாம் உன்னிடமே கொடுக்கிறேன், நான் இல்லாதபோது நீ எனக்குத் துரோகம் செய்தாலும் போகட்டும், வீட்டுக்கு வரும்போது மட்டும் எனக்கு மரியாதை வேண்டும் என்கிறார். கரகரத்த குரல், பின்னால் முரசு போல அடிக்கும் டிரம்ஸ், இடையிடையே பித்தளைக் குழல்கள். நல்ல பாட்டு. ஒரு வீட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் பாட்டு.

1967 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், நியூயார்க்கின் அட்லாண்டிக் ஸ்டூடியோவில் அரீத்தா ஃபிராங்க்ளின் என்ற பாடகி அதைப் பாடிப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 24. பியானோவை அவரே வாசித்தார். கூடப் பாடியவர்களில் அவருடைய சகோதரிகள் கரோலினும் எர்மாவும் இருந்தார்கள்.

அவர் செய்த மாற்றங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரெடிங் பாட்டில் பெண் துரோகம் செய்யக்கூடும் என்று ஆணே சொல்லி, அதைப் பொறுத்துக்கொள்வதாகவும் சொல்கிறான். அரீத்தா அந்த வரியைத் திருப்பினார். நீ இல்லாதபோது நான் தப்பு எதுவும் செய்யப்போவதில்லை என்றார். அதோடு நிற்காமல் காரணத்தையும் சொன்னார்: எனக்கு விருப்பமில்லை, அதனால். அவனுக்குப் பயந்து இல்லை, அவன் சொன்னான் என்பதற்காகவும் இல்லை. பணத்தைப் பற்றிய வரியை அவர் எடுத்துவிடவில்லை. என் பணத்தையெல்லாம் உனக்குத் தரப்போகிறேன் என்று அவரும் பாடுகிறார். ஆக, இந்தப் பெண் சம்பாதிப்பவள். வீட்டில் காத்திருப்பவளாகவும் இருக்கிறாள். கெஞ்சும் நிலையில் மட்டும் இல்லை.

பிறகு, ரெடிங்கின் பாட்டில் இல்லவே இல்லாத ஒன்றைச் சேர்த்தார். அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து உச்சரிக்கும் அந்தப் புகழ்பெற்ற பகுதி. புரியாத மாணவனுக்கு ஆசிரியர் எழுத்துக்கூட்டிச் சொல்லித் தருவது போல இருக்கும் அது. பின்னணியில் மற்ற பெண்கள் 'கொஞ்சம், கொஞ்சம்' என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவருக்குத் துணை நிற்கிறார்கள். தனி ஆள் வீட்டில் வைத்த கோரிக்கை, பல பெண்கள் சேர்ந்து வைக்கும் கோரிக்கையாகிறது. என்னைப் பொறுத்தவரை பாட்டின் பொருள் மாறிய நொடி இதுதான். பின்பாட்டுப் பாடியவர்களுக்கு அதில் அரீத்தா அளவுக்கே பங்கு உண்டு.

அந்த ஆண்டே அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெண்ணுரிமைக்காகவும் கறுப்பின மக்களின் சமத்துவத்துக்காகவும் போராடியவர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே 1967-இல் மான்டரே இசை விழா மேடையில் ரெடிங் இந்தப் பாட்டைப் பாடும்முன், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு இது என்று சிரித்தபடி அறிமுகம் செய்தார். எழுதியவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 26 மட்டுமே. இன்று அந்தப் பாட்டு அவருடையது என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர் எழுதிய எலும்புக்கூடு வலுவாக இருந்ததால்தான் அரீத்தா அதன்மேல் அவ்வளவையும் ஏற்ற முடிந்தது.

அவன், அவள், நீ

ஆங்கிலத்தில் கவர் பாடுபவருக்கு முதலில் வரும் கேள்வி, 'அவன்', 'அவள்' என்ற சொற்களை என்ன செய்வது என்பதுதான். ஆண் பாடிய பாட்டைப் பெண் எடுத்தால் வழக்கமாக மாற்றிக்கொள்வார்கள். சிலர் வேண்டுமென்றே மாற்றாமல் விடுவார்கள். டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' 1973-இல் வந்தது. என் கணவனை என்னிடமிருந்து பறித்துவிடாதே என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மன்றாடுவது. 'தி ஒயிட் ஸ்டிரைப்ஸ்' குழுவின் ஜாக் ஒயிட் அதில் ஆண், பெண் சொற்களை மாற்றாமலே பாடினார். அதைக் கேட்டால் ஓர் ஆண் இன்னோர் ஆணை இழக்கப் பயந்து கதறுவது போலவும் எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பெண்ணின் வேதனைக்குள்ளேயே அவர் புகுந்துவிட்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் நிலைமை வேறு. 'நான்', 'நீ', 'உன்' எதிலும் ஆண்பால் பெண்பால் கிடையாது. வினைமுற்றுகூடக் காட்டிக்கொடுக்காது. 'நீ வந்தாய், நான் உருகினேன்' என்பதை யாரும் யாரையும் பார்த்துப் பாடலாம். 'அன்பே', 'உயிரே' என்றாலும் அப்படித்தான். 'அவள்' என்றோ 'அத்தான்' என்றோ 'பெண்ணே' என்றோ ஒரு சொல் வந்தால்தான் பாடுபவர் யார் என்பது பிடிபடும். அதனால் தமிழ்க் காதல் பாட்டுகளில் பாதிக்கு மேல் சொல் எதையும் தொடாமலே கைமாறிவிடும். ஆனால் பொருள் கைமாறும்போது அப்படியே இருப்பதில்லை. பின்னாலேயே வந்து காதலைச் சொல்லும் ஆண் பாட்டு ஒன்றை ஒரு பெண் கிட்டாரோடு தனியாகப் பாடட்டும். அதுவரை வழக்கமாகத் தெரிந்த வரி திடீரென்று துணிச்சலாகத் தெரியும். காத்திருப்பேன் என்று பெண்கள் பாடிப் பாடித் தேய்ந்த வரியை ஓர் ஆண் மெல்லிய குரலில் பாடினால் அது புதிதாகத் தெரியும். ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று நமக்குள் ஊறிய எதிர்பார்ப்பும் சேர்ந்துதான் பாட்டைக் கேட்கிறது.

மெதுவாக்கினால் போதுமா

கவர் பாடுபவர்கள் அதிகம் தொடுவது வேகத்தை. ராபின் என்ற ஸ்வீடன் பாடகி 2010-இல் 'டான்ஸிங் ஆன் மை ஓன்' பாடினார். தான் நேசிப்பவன் இன்னொருத்தியை முத்தமிடுவதை நடனக் கூடத்தின் மூலையில் நின்று பார்க்கும் பெண். துடிக்கும் பீட் நிற்கவே நிற்காது. உள்ளே உடைந்துகொண்டிருந்தாலும் கால்கள் ஆடுகின்றன. அழுகையும் ஆட்டமும் ஒன்றாகப் போவதுதான் அந்தப் பாட்டின் உயிர். 2016-இல் இங்கிலாந்தின் கேலம் ஸ்காட் அதைப் பியானோவோடு மெதுவாகப் பாடி வெளியிட்டார். பீட் போய்விட்டது. ஆட்டம் நின்றுவிட்டது. நிமிர்ந்து நின்ற பெண்ணின் இடத்தில், சுவரில் சாய்ந்துவிட்ட ஒருவர் தெரிகிறார். தன்னைக் குறிக்கும் சொல்லை ஆண்பாலுக்கு மாற்றிக்கொண்டார், ஆனால் நேசிப்பவன் முத்தமிடும் 'அவளை' அப்படியே விட்டார். ஓர் ஆண், இன்னொரு பெண்ணோடு போய்விட்ட ஆணுக்காக ஏங்குகிறான் என்று கதையே வேறாகிவிட்டது. வேகமும் ஒரே ஒரு சொல்லும்தான் மாறியிருக்கின்றன.

எதிர்த் திசையிலும் நடக்கும். 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி 1972-இல், மனைவியைப் பிரிந்த சில வாரங்களில் பாடினார். உன்னைச் சரியாக நடத்தாமல் விட்டுவிட்டேன், ஆனால் நீ எப்போதும் என் மனதில் இருந்தாய் என்பது வரிகளின் சாரம். கேட்பவருக்கு நெஞ்சு கனக்கும். 1987-இல் 'பெட் ஷாப் பாய்ஸ்' அதை எலக்ட்ரானிக் நடனப் பாட்டாக்கினார்கள். நீல் டெனன்ட்டின் குரலில் உணர்ச்சி ஏற்ற இறக்கம் அதிகம் இருக்காது. அதே மன்னிப்பு அங்கே சாக்குப்போக்கு போல ஒலிக்கிறது. மனதில் இருந்தாய் சரி, அதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். வரிகளுக்குள் அந்தக் கேள்வி முதலிலிருந்தே இருந்திருக்கிறது. எல்விஸின் குரல் அதை மூடி வைத்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். துள்ளலான எந்தப் பாட்டையும் பியானோவை மட்டும் வைத்து, காற்று கலந்த குரலில், பாதி வேகத்தில் பாடினால் ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெதுவாக்கினால் சோகத்தின் சாயல் வரும். புதிய பொருள் வர வேண்டுமென்றால் பாடுபவருக்கு அந்த வரியில் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். அதேபோல ஒரிஜினலின் ஒவ்வொரு சங்கதியையும் பிசகாமல் பாடும் கவர்களும் நிறைய. அந்த உழைப்பு பெரியது, மதிக்கிறேன். ஆனால் அங்கே கூற்று மாறுவதில்லை. பழைய ஆளின் நாற்காலியில் பழைய ஆளைப் போலவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

'நீ' மாறும்போது

இதுவரை 'நான்' மாறியதைப் பார்த்தோம். 'நீ' மாறினால் என்ன ஆகும்?

'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாட்டை எழுதியவர் பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர். 1985-இல் 'தி ஃபேமிலி' என்ற குழுவின் ஆல்பத்தில் வந்தது, அதிகம் பேர் கவனிக்கவில்லை. நீ போனபின் எதுவும் உனக்கு ஈடாகவில்லை என்று, பிரிந்துபோன காதலியை நினைத்துப் பாடும் பாட்டு. 1990-இல் அயர்லாந்தின் ஷினேட் ஓ'கானர் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அந்த வீடியோவில் பெரும்பாலும் அவர் முகம் மட்டும்தான். கறுப்புப் பின்னணி, மழித்த தலை, நேராகக் கேமராவைப் பார்க்கும் கண்கள். ஓர் இடத்தில் கண்ணீர் இறங்கும். அது நடிப்பு இல்லை, முன்கூட்டித் திட்டமிட்டதும் இல்லை.

அந்தக் கண்ணீர் எந்த வரியில் வந்தது என்பதுதான் முக்கியம். நீ தோட்டத்தில் வைத்த பூச்செடிகளெல்லாம் நீ போனதும் பட்டுப்போயின என்று ஒரு வரி. அதில் 'மாமா' என்று ஒரு விளி வரும். எழுதியவர் அதைக் காதலியைச் செல்லமாக அழைக்கும் சொல்லாகத்தான் வைத்தார். ஆங்கிலத்தில் அதற்கு அம்மா என்ற பொருளும் உண்டு. ஓ'கானரின் அம்மா 1985-இல் கார் விபத்தில் இறந்துபோனார். மகளுக்கு அப்போது வயது 18. அம்மாவுக்கும் அவருக்குமான உறவு மிகுந்த வலி நிறைந்தது, சிறுவயதில் அம்மாவின் கையில் பட்ட கொடுமைகளைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்த வரி வந்ததும் அம்மா நினைவு வந்து அழுதுவிட்டதாகவும், இந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

இதைத் தெரிந்துகொண்டபின் பாட்டை மறுபடி கேட்டால் ஒவ்வொரு வரியும் இடம் மாறி உட்காரும். உன்னோடு வாழ்வது சில நேரம் கடினமாக இருந்தது, இருந்தாலும் இன்னொரு முறை முயன்று பார்க்கத் தயார் என்று பாட்டின் பிற்பகுதியில் வருகிறது. காதலியிடம் சொன்னால் அது சமாதானப் பேச்சு. இறந்துபோன, அடித்து வளர்த்த அம்மாவிடம் மகள் சொன்னால்? எழுதியவர் நினைத்தே பார்த்திருக்க முடியாத ஓர் இடத்துக்கு அந்த வரி போய்விட்டது.

எந்தச் சரணத்தைப் பாடுவது

சொற்களைத் தொடாமல் பொருளை மாற்ற இன்னொரு வழி, எல்லாவற்றையும் பாடாமல் தேர்ந்தெடுத்துப் பாடுவது. லெனார்ட் கோஹன் 1984-இல் பாடிய 'ஹல்லேலூயா'வுக்கு எக்கச்சக்கமான சரணங்கள் எழுதி வைத்திருந்தார். ஜான் கேல் என்ற கலைஞர் இந்தப் பாட்டைக் கவர் செய்ய விரும்பி வரிகளைக் கேட்டபோது, பதினைந்து பக்கங்கள் ஃபேக்ஸில் வந்து சேர்ந்தனவாம். அவற்றிலிருந்து தனக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கி 1991-இல் பாடினார். கோஹனின் முதல் பதிவில் கடவுள் முன் நிற்கும் மனிதன் முக்கியம். கேல் தேர்ந்தெடுத்த வரிசையில் உடலும் காதலும் தோல்வியும் முன்னால் வந்தன. 1994-இல் ஜெஃப் பக்லி பாடியபோது கேலின் வடிவத்தைத்தான் பின்பற்றினார். பாட்டு தொடங்கும்முன் அவர் விடும் பெருமூச்சுகூடப் பதிவில் கேட்கும். ஒரு கிட்டார், ஒரு குரல். வேண்டுதலாக இருந்த பாட்டு படுக்கையறையின் தனிமைக்கு வந்துவிட்டது. இன்று உலகம் பாடுவது பெரும்பாலும் அந்த வரிசையைத்தான்.

அதே ஆள், முப்பது ஆண்டுகள் கழித்து

வேறொருவர் வந்துதான் கூற்றை மாற்ற வேண்டும் என்பதில்லை. ஜோனி மிட்செல் 'போத் சைட்ஸ் நௌ' பாட்டை இருபதுகளில் எழுதினார். மேகங்களையும் காதலையும் வாழ்க்கையையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், இருந்தும் எனக்கு எதுவும் தெரியவில்லை என்கிற பாட்டு. 1969-இல் தன் ஆல்பத்தில் அதைப் பாடியபோது வயது 25. தெளிந்த, உயர்ந்த குரல், கூடவே கிட்டார். கெட்டிக்கார இளம்பெண் ஒருத்தி பெரியவள் போலப் பேசுவது போல அழகாக இருக்கும். 2000-இல் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடினார். வயது 56. குரல் பல கட்டை இறங்கி, புகை படிந்தது போல ஆகியிருந்தது. ஒரு வரியைத் தொடங்கிவிட்டு அடுத்த சொல்லுக்கு முன்னால் நிற்கிறார். காதலைப் பற்றி எனக்கு உண்மையில் எதுவும் தெரியவில்லை என்று 25 வயதில் சொன்னதும் 56 வயதில் சொன்னதும் ஒன்றாகுமா? இதைத் தன் பாட்டைத் தானே கவர் செய்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பதுதான் புதிதாகக் கவர்களைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி. மெட்டும் வரியும் ஆளும் ஒன்றாக இருப்பதால், மிச்சமிருக்கும் வேறுபாடு முழுக்க வயதும் மூச்சும்தான் என்று காது தானே கண்டுகொள்ளும். அப்புறம் உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றுக்குப் போங்கள். ஒரிஜினலைக் கேட்டுவிட்டு, பாடுபவர் யாரிடம் பேசுகிறார், அந்த ஆள் எதிரே இருக்கிறாரா, போய்விட்டாரா என்று ஒரே வரியில் எழுதிவையுங்கள். கவரைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். இரண்டு வரியும் ஒன்றாக இருந்தால் அது திறமையான நகல். வேறாக இருந்தால், எந்த நொடியில் அது வேறாயிற்று என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூச்சிலோ, வாத்தியம் நின்ற ஓர் இடத்திலோ, தவறவிட்ட ஒரு சொல்லிலோ அது இருக்கும்.

இப்படிக் கேட்டால் விட்னி ஹூஸ்டன் என்ன செய்தார் என்பதும் பிடிபடும். டாலி பார்ட்டனின் பதிவு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. குரல் எங்கும் ஓங்கவில்லை. கடைசிச் சரணத்தை அவர் பாடக்கூட இல்லை, பேச்சாகச் சொல்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதற்குமேல் சத்தம் எதற்கு? ஹூஸ்டனின் பதிவு நாலரை நிமிடம். முக்கால் நிமிடம் போல வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும் தனியாக நடக்கிறது. படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர்தான் அப்படித் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். பிற்பாடு ஒரு நொடி அமைதி, ஒரு டிரம் அடி, சுருதி மேலேறிப் பல்லவி வெடிக்கிறது. இந்தக் குரலுக்கு எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. போய்விட்ட ஒருவருக்குத் தூரத்திலிருந்து கேட்க வேண்டுமே என்று பாடுகிற குரல் அது.

இதில் கடைசிச் சரணமே இல்லாமல் போயிருக்கும். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் முன்மாதிரியாக வைத்திருந்தது லிண்டா ரான்ஸ்டாட் 1975-இல் பாடிய கவரை. அதில் அந்தச் சரணம் கிடையாது. பார்ட்டன்தான் ஃபாஸ்டரிடம் இன்னொரு சரணம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். போகிறவள், இருப்பவருக்கு வாழ்வில் மகிழ்ச்சியும் எல்லாவற்றுக்கும் மேலாக அன்பும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தும் சரணம். அது இல்லையென்றால் பாட்டில் வலி மட்டும் மிஞ்சியிருக்கும்.

2012 பிப்ரவரியில் ஹூஸ்டன் 48 வயதில் இறந்தார். அவர் சிறுமியாகப் பாடி வளர்ந்த, நியூவர்க் நகரத்துத் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. முடிவில் சவப்பெட்டியைத் தோளில் தூக்கி வாசலை நோக்கி நடந்தபோது இந்தப் பாட்டை ஒலிக்கவிட்டார்கள். யாரும் புதிதாகப் பாடவில்லை. இருபது வருடத்துப் பழைய பதிவுதான். வாத்தியம் எதுவும் இல்லாமல் அந்தக் குரல் மட்டும் தொடங்கியது: நான் இங்கேயே இருந்தால் உன் வழியில் குறுக்கே நிற்பேன், அதனால் போகிறேன். பெட்டிக்குப் பின்னால் அவருடைய அம்மா நடந்தார்.